கைதி கட்டிய சுவர்

மாசி மாதத்தில் மண்டைக்காடு போயிருக்கிறீர்களா? பத்து நாள் கொடை. கேரளாவிலிருந்து இருமுடி கட்டிக்கொண்டு சாரி சாரியாகப் பெண்கள் வருவார்கள். 'பெண்களின் சபரிமலை' என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. கருவறையில் நிற்பது சுமார் 15 அடி உயரப் புற்று. அதுதான் பகவதி. யாரும் கட்டாமல், யாரும் காசு போடாமல், தானாகவே வளர்ந்த புற்று என்பார்கள் ஊர்க்காரர்கள். தீராத தலைவலிக்காரர்கள் மண்டையப்பம் நேர்ந்துகொண்டு போவார்கள். கொடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சாமி கும்பிட்ட கையோடு கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். நாமும் இறங்குவோம். ஏனென்றால் நான் சொல்ல வந்தது கோயில் கதை இல்லை... ஜெயில் கதை!

மண்டைக்காட்டுக் கடற்கரையோடு மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் குளச்சல். 1741 ஆகஸ்டில் அங்கே ஒரு போர் நடந்தது. மிளகு வியாபாரத்துக்காக டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோடு மோதினார்கள். பனை மரத்தை வெட்டி வண்டியில் ஏற்றி, தூரத்திலிருந்து பார்த்தால் பீரங்கி மாதிரி தெரியும்படி நிறுத்தி டச்சுக்காரர்களை ஏமாற்றினார்கள் என்று அந்தப் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் ரசித்துச் சொல்வார்கள். பனை மரமோ பீரங்கியோ, டச்சுக்காரர்கள் தோற்றது நிஜம். சரணடைந்தவர்களில் ஒருவர் எஸ்தாக்கியுஸ் டி லனாய். அப்போது வயது இருபத்தைந்து வாக்கில்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு கேள்வி. பிடிபட்ட எதிரியை மன்னர் என்ன செய்திருப்பார்? தலையை வாங்கியிருப்பார், இல்லை, இருட்டறையில் போட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மார்த்தாண்ட வர்மா கணக்குத் தெரிந்த மனிதர். 'இவனுக்குப் பீரங்கி தெரியும், கோட்டை கட்டத் தெரியும், அடைத்து வைத்துச் சோறு போடுவதில் நமக்கு என்ன லாபம்?' என்று யோசித்திருக்க வேண்டும். டி லனாயை வேலைக்கு எடுத்துக்கொண்டார். தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறதே உதயகிரிக் கோட்டை, நாகர்கோவில்-திருவனந்தபுரம் பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுமே, அதைக் கருங்கல்லால் பலமாக எடுத்துக் கட்டும் வேலை இவர் கைக்கு வந்தது. சுமார் 90 ஏக்கர். உள்ளேயே ஒரு குன்று. பீரங்கி வார்க்கும் பட்டறை. கைதியாக வந்த ஆசாமி படிப்படியாக உயர்ந்து திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, 'வலிய கப்பித்தான்' என்று பட்டம் வாங்கி, 36 வருடம் உழைத்து 1777-ல் இறந்தார். கோட்டைக்குள்ளேயே, இடிந்த தேவாலயம் ஒன்றில் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் அழகான கதை. ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது. டி லனாய் இறந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு திப்பு சுல்தான் திருவிதாங்கூர் மேல் படையெடுத்து வந்தார். அந்தப் போரில் பிடிபட்ட திப்புவின் ஆட்களைக் கொஞ்ச காலம் எங்கே அடைத்து வைத்தார்கள் தெரியுமா? அதே உதயகிரியில்! ஒரு கைதி எழுப்பிய மதில் அடுத்த கைதிகளுக்குச் சிறை.

உதயகிரியைச் சிறை என்று சொல்லிவிட்டேனே தவிர, அது அடிப்படையில் ராணுவக் கோட்டைதான். குற்றவாளிகளை வைப்பதற்கென்றே காசு செலவழித்து, வரைபடம் போட்டு ஒரு கட்டடம் கட்டுவது... அந்த யோசனை நம் ஊரில் அப்போது பெரிதாகக் கிடையாது. பிடித்தவனை அரண்மனை மூலையிலோ கோட்டை அறையிலோ கொஞ்ச நாள் வைப்பார்கள். பிறகு அடி, அபராதம், நாடு கடத்தல், கழு. தண்டனை என்பது உடம்பில் கொடுப்பது. அதற்குச் சுவர் எதற்கு?

இதற்கும் அந்தப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை, அரண்மனை அலுவலர். டி லனாயின் பழக்கத்தால் கிறிஸ்தவரானார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். தேவசகாயம் என்று பெயர். 1749-ல் பிடித்துவிட்டார்கள். அதிலிருந்து 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும் வரை சுமார் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தை எங்கே கழித்தார் என்று திருச்சபையின் வரலாற்றைக் கேட்டால், சிறைச்சாலையின் பெயரை விட ஊர்களின் பெயர்தான் அதிகம் வருகிறது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் ஆராச்சார் வீட்டருகே வேப்ப மரத்தில் கட்டிப்போட்டார்கள். ஆராச்சார் என்றால் தூக்குப் போடுகிறவர். மரமே சிறை, ஊரே காவல். அரசாங்கத்துக்கு ஆன செலவு ஒரு சங்கிலி! (2022 மே மாதம் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அந்த வேப்ப மரத்தடிக்கு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள்.)

சாமிதோப்பு அய்யா வைகுண்டரை 1830-களில் திருவிதாங்கூர் அரசு பிடித்து வைத்த இடத்துக்கு அய்யாவழி மரபு சொல்லும் பெயர், சிங்காரத்தோப்பு. பெயரைக் கவனியுங்கள். தோப்பு!

ஆனால் அதே 1830-களில் உலகத்தின் வேறு பக்கங்களில் ஆட்கள் வரைபடமும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஜெரமி பெந்தம் என்ற சிந்தனையாளர் 1791-லேயே ஒரு திட்டம் அச்சடித்திருந்தார். வட்டமாகக் கட்டடம், நடுவில் கோபுரம், கோபுரத்தில் ஒரே ஒரு காவலாளி. அவன் எல்லோரையும் பார்க்கலாம். அவன் பார்க்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது. 'ஆள் செலவு மிச்சம் பாருங்கள்' என்று வருடக்கணக்கில் அரசாங்கத்தின் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் அவர் திட்டத்தைக் கட்டவில்லை. 23,000 பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அமெரிக்காவில் கட்டியே காட்டினார்கள். 1829-ல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்த சிறையில் கைதிக்கு ஒரு தனி அறை, அறைக்கு ஒரு குழாய், ஒரு கழிப்பறை. அந்தக் காலத்து வெள்ளை மாளிகையில் அமெரிக்க ஜனாதிபதிக்கே குழாயில் தண்ணீர் வரவில்லை, சாமி! கிட்டத்தட்ட 7,80,000 டாலர் செலவில் எழுந்த அந்தக் கட்டடம் அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த கட்டடங்களில் ஒன்று. தனியாக உட்கார்ந்தால் மனிதன் மனம் திருந்துவான் என்பது கட்டியவர்களின் நம்பிக்கை. 1842-ல் அங்கே போய்ப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், இது உடம்பை வதைப்பதை விட மோசம் என்று எழுதிவிட்டார்.

இந்தியாவுக்கு இந்தக் காற்று மெக்காலே மூலம் வந்தது. ஆமாம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் அதே மெக்காலேதான். அவர் முயற்சியில் அமைந்த சிறைக் குழு 1838-ல் அறிக்கை கொடுத்தது. அதுவரை கம்பெனி ஆட்சியில் கைதிகளைச் சங்கிலியோடு ரோடு போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கைக்குக் கொஞ்சம் காசு கொடுத்துவிடுவார்கள், பல ஜெயில்களில் கைதிகளே அரிசி வாங்கிப் பொங்கிக்கொள்வார்கள். 'இது தண்டனையா, பிக்னிக்கா?' என்கிற தொனியில் கேட்டது குழு. வெளிவேலை கூடாது, ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை பெற்றவர்களுக்குப் பெரிய மத்தியச் சிறைகள் வேண்டும், தனி அறை வேண்டும், அலுப்புத் தட்டுகிற வேலை கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு யோசனை பிடித்தது, பில் பிடிக்கவில்லை. கட்டடத்துக்குக் காசு வேண்டுமே! அதனால் எது சுலபமோ அதை முதலில் செய்தார்கள். கைக்காசை நிறுத்திப் பொதுச் சமையல் கொண்டுவந்தார்கள். யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்று பீகார் ஜெயில்களில் கலவரமே வெடித்தது. 1855-ல் முசாஃபர்பூரில் கைதிகளின் பித்தளைச் செம்பைப் பிடுங்கி மண்சட்டி கொடுக்கப் போய் அது ஊர்க் கலகமாகிவிட்டது. செம்பு கையில் இருந்தால் அதாலேயே அடிப்பான் என்று அதிகாரிக்குப் பயம். மண்சட்டி தீட்டு என்று கைதிக்குக் கோபம்.

நம் சென்னையில் 1837-லேயே சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் வட்டாரத்தில் ஒரு சிறை எழுந்துவிட்டது. (அப்போது ஸ்டேஷன் கிடையாது.) செலவு 16,496 ரூபாய் என்கிறார்கள். அந்தமானுக்குக் கப்பலேற்ற வேண்டியவர்களைக் கொண்டுவந்து வைக்க அது தோதான இடம். பிறகு ஒரு கட்டட அலையே அடித்தது. சேலம் 1862, கோயம்புத்தூர் 1872, பாளையங்கோட்டை 1880. திருவிதாங்கூரும் சளைக்கவில்லை; 1886-ல் திருவனந்தபுரம் பூஜப்புரையில் மத்தியச் சிறை. தோப்பிலும் மரத்தடியிலும் இருந்த சிறை, அரை நூற்றாண்டில் செங்கல்லுக்குள் போய்விட்டது. மண்டைக்காட்டுக்காரர் தப்புத் தண்டா செய்தால் 1956 வரை பூஜப்புரை. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு பாளையங்கோட்டை. மாநில மறுசீரமைப்பு ஜெயில் விலாசத்தையும் மாற்றிவிட்டது!

இந்த அலையின் உச்சம் அந்தமான் செல்லுலர் ஜெயில். 1890-ல் லயால், லெத்பிரிட்ஜ் என்று இரண்டு அதிகாரிகள் போய்ப் பார்த்துவிட்டு, 'அந்தமான் தண்டனை போதாது, ஆரம்பத்தில் இன்னும் கடுமை வேண்டும்' என்று எழுதினார்கள். 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். பெந்தம் ஆசைப்பட்ட மாதிரியே நடுவில் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல ஏழு கிளைகள், மூன்று மாடி, 696 தனி அறைகள். ஓர் அறையின் வாசல் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். எதிர் அறைக்காரனின் முகம் என்று ஒன்று கிடையவே கிடையாது. செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. செலவு 5,17,352 ரூபாய். வகுத்துப் பார்த்தேன், ஒரு மனிதனைத் தனிமைப்படுத்த 743 ரூபாய். கொத்து வேலை, சுமை வேலை எல்லாம் யார்? கைதிகள்தான். உதயகிரியின் கதை இங்கே அச்சு அசலாகத் திரும்பியது. ஒரே வித்தியாசம், இந்தக் கொத்தனார்களுக்கு யாரும் தளபதி வேலை கொடுக்கவில்லை.

அந்தக் காலத்து ஜெயில் கணக்கில் கைதி செலவுப் பக்கத்திலும் வருவான், வரவுப் பக்கத்திலும் வருவான். அவன் சாப்பிடுவது செலவு. அவன் செக்கு இழுத்து எடுத்த எண்ணெயும், திரித்த கயிறும், நெய்த கம்பளமும் வரவு. கோயம்புத்தூர் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கை நாம் தியாகச் சின்னமாகப் பார்க்கிறோம். சரிதான். ஆனால் ஜெயில் சூப்பிரண்டு புத்தகத்தில் அது ஒரு வருமான இனம். சுதந்திர இந்தியாவிலும் இந்தக் கணக்கு சட்டென்று மாறிவிடவில்லை. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1998-ல். அப்போதும், சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகும் செலவை அதில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஓர் இடம் விட்டுத்தான் சொன்னது.

சரி, சமீப காலத்துக்கு வருவோம். நீதிபதி முல்லா தலைமையில் ஒரு குழு 1980 முதல் 1983 வரை இந்தியச் சிறைகளைச் சுற்றிப் பார்த்து மலையளவு சிபாரிசு செய்தது. பெரும்பாலானவை அலமாரிக்குப் போயின. எது உடனே நிறைவேறும்? கட்டடம்! 2002-ல் மத்திய அரசு 1,800 கோடி ரூபாயில் சிறை நவீனமயத் திட்டம் கொண்டுவந்தது. முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநிலம். முடிந்தபோது நாடு முழுக்க 125 புதிய சிறைகள், பழைய சிறைகளுக்குள் 1,579 கூடுதல் கொட்டடிகள், ஊழியர்களுக்கு 8,568 வீடுகள். சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. 2005 வாக்கில் 100 பேர் இடத்தில் 145 பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். 2012-ல் அது 112 ஆகக் குறைந்தது. 'பார்த்தீர்களா, கட்டினால் தீரும்' என்று சொல்ல நினைப்பதற்குள்... 2019-ல் 118. 2022-ல் 131. புற்று மாதிரி வளர்ந்துவிட்டது! (தமிழ்நாடு இதில் விதிவிலக்கு. மாநிலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் நம் சிறைகளில் இடம் மிச்சம்தான்.)

சென்னையில் 2006-ல் புழலுக்குச் சிறையை மாற்றினார்கள். 200 ஏக்கருக்கு மேல். தண்டனைக் கைதிகளுக்குத் தனி, விசாரணைக் கைதிகளுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பழைய சென்ட்ரல் ஜெயிலை 2009-ல் இடிப்பதற்கு முன்னால் சில நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? என்ன கூட்டம்! குழந்தை குட்டியோடு வந்து, கம்பிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். 172 வருடம் யாரும் உள்ளே போக விரும்பாத இடத்துக்கு வரிசையில் நின்று போனார்கள். பிறகு அந்த மண் மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

கட்டக் கட்ட நிரம்பும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி அமெரிக்கா. கலிஃபோர்னியா மாநிலம் 1852 முதல் 1964 வரை, நூறு வருடத்துக்கு மேல், கட்டியது 12 சிறை. 1984-க்குப் பிறகு இருபது வருடத்தில் 20-க்கும் மேல்! விவசாயம் படுத்துப்போன சிற்றூர்கள் 'எங்களுக்கு ஒரு ஜெயில் கொடுங்கள், நாலு பேருக்கு வேலை கிடைக்கும்' என்று கேட்டு வாங்கின. இவ்வளவு கட்டியும் என்ன ஆயிற்று? ஒருவர் இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு பேர். உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில் போட்டார்கள். கைதிகளுக்கு வைத்தியம் பார்க்கக்கூட ஆள் போதவில்லை. 2011-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஆளைக் குறைத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டது. குளச்சலில் தோற்ற டச்சுக்காரர்களோ எதிர்த் திசையில் போனார்கள். சின்னக் குற்றத்துக்குச் சிறை வேண்டாம், மனநலச் சிகிச்சை, சமூக வேலை என்று போகப் போக நெதர்லாந்தில் சிறைகள் காலியாகிவிட்டன. மூடியது போக மிச்சத்தை பெல்ஜியத்துக்கும் நார்வேக்கும் வாடகைக்கு விட்டார்கள். வாடகைக்கு ஜெயில்! வியாபாரிப் புத்தி போகுமா?

இப்போது நம் பணத்துக்கு வருவோம். 2019-20 நிதியாண்டில் இந்தியச் சிறைகளுக்கு ஆன மொத்தச் செலவு 5,958 கோடி ரூபாய். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. இதில் கைதிகளுக்கென்று செலவானது 2,061 கோடி. அதாவது ரூபாய்க்கு முப்பத்தைந்து பைசா கூட இல்லை. மீதி? சம்பளம், நிர்வாகம், கட்டடம், பராமரிப்பு. அந்த 2,061 கோடியிலும் கிட்டத்தட்ட பாதி சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 56 ரூபாய் என்று கணக்கு வருகிறது. மருத்துவம் 89 கோடி. படிப்பு, தொழிற்பயிற்சி எல்லாம் சேர்த்து 24 கோடி. ஒரு கைதிக்கு வருடத்துக்கு 500 ரூபாய்! சிறையைச் 'சீர்திருத்த இல்லம்' என்று சொல்கிறோமே, அந்தச் சீர்திருத்தத்துக்கு ஒதுக்கியது, மொத்த ரூபாயில் அரை பைசாவுக்கும் குறைவு.

கட்டடம் நவீனமானால் உள்ளே நடப்பதும் நவீனமாகும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பிரிவில் வைத்திருந்தார்கள். 'கலந்தால் அடிதடி வரும்' என்பது அதிகாரிகளின் காரணம். சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு கட்டத்தில் அதை ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபரில்தான் சுப்ரீம் கோர்ட், நாடு முழுக்கச் சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் பிரித்து வைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது.

இன்னொரு எண் சொல்கிறேன். 2022 கடைசி நாள் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேர்! 'இவன் குற்றவாளி' என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள். இவர்களுக்காகத்தான் கொட்டடி மேல் கொட்டடி. இது புதுக் கூத்தும் இல்லை. 1979-லேயே பீகாரில், தண்டனை கொடுத்திருந்தால் எத்தனை வருடமோ அதை விட அதிக காலம் விசாரணை இல்லாமல் கிடந்தவர்களின் கதை பத்திரிகையில் வந்து, கபிலா ஹிங்கொரானி என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். ஹுஸைனாரா கட்டூன் வழக்கு. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று அன்றைக்கே சொல்லியாகிவிட்டது.

விசாரணைக் கைதிகளில் கொலை, பலாத்காரம் என்று நிஜமாகவே வெளியே விட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விடச் சொல்லவில்லை. என் பேச்சு வேறு சிலரைப் பற்றி. கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது, ஆனால் வெளியே போகவில்லை. ஏன்? இரண்டு பேர் ஜாமீன்தாரர் வேண்டும். அவர்களுக்குச் சொத்து இருக்க வேண்டும், வரி ரசீது இருக்க வேண்டும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, திருட்டுக் கேஸில் மாட்டியவனுக்காக யார் வீட்டு ரசீதை எடுத்துக்கொண்டு வருவார்கள்? 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் முன்னால் வைத்த கணக்குப்படி இப்படிச் சுமார் 5,000 பேர். சட்ட உதவி கிடைத்தது 2,357 பேருக்கு; வெளியே வந்தது 1,417 பேர்.

நான் மேலே சொன்ன 5,958 கோடியை அன்று உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கைதிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,24,000 ரூபாய். மாதம் பத்தாயிரம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கிடைக்காத ஒருவனை அடைத்து வைக்க நாம் மாதா மாதம் பத்தாயிரம் கொடுக்கிறோம். 'அவனை விட்டாலும் வார்டர் சம்பளம் கொடுத்துத்தானே ஆகணும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் இருப்பதால்தான் அடுத்த கொட்டடி வேண்டும், அடுத்த வார்டர் வேண்டும் என்கிறார்கள். அவன் உள்ளே இருக்கும் மாதத்தில் அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

2022 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள். சுப்ரீம் கோர்ட் விழாவில் ஜனாதிபதி திரௌபதி முர்மு எழுதி வந்த உரையைத் தாண்டிப் பேசினார். சிறைகளில் கூட்டம், இன்னும் சிறை கட்ட வேண்டும் என்கிறார்களே, நாம் முன்னேறிக்கொண்டிருக்கிறோம் என்றால் சிறைகள் குறைய அல்லவா வேண்டும் என்று கேட்டார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நீதிபதிகள். அடுத்த வருடமே மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தது. அப்போதைய அறிவிப்பின்படி ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை. அபராதம் கட்ட முடியாமல் கிடக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 வரை. வருடத்துக்கு 20 கோடி. தமாஷ் என்னவென்றால், இந்த 20 கோடியையே செலவழிக்க ஆளில்லை! பல மாநிலங்கள் தொடவே இல்லை என்று உள்துறை அமைச்சகம் கடிதம் போட்டு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

திட்டம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாள் ஆகியும் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் விசாரித்து மாவட்டக் குழுவுக்கு அனுப்புவார். ஆட்சியர், எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், ஒரு நீதிபதி எல்லோரும் அந்தக் குழுவில் உண்டு. கைதியின் வீட்டாரும் ஆணைக்குழுவிடம் நேராகப் போய்க் கேட்கலாம். குமரி மாவட்டத்துக்காரர்கள் என்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் விசாரிக்கலாம். எந்த ஊராக இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. உங்களுக்குத் தேவைப்படாது, உங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவரின் பையனுக்குத் தேவைப்படலாம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.